பதினேழாம் முள்ளின் நடத்தை

பதினேழாம் முள்ளின் மேல் முதல் புகார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழுவின் செயலாளர் பிளாந்தின் அதைக் கொண்டுவந்து மிரேய் ரூஸ்தானின் மேசையில் வைத்தாள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினாள், போய்விட்டாள். புகாரில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: 'மேற்படி முள் தொடர்ந்து ஒத்துழைக்க மறுக்கிறது.'

மிரேய் அதை இரண்டு முறை படித்தாள். தென் பிரான்சில், குரோ சமவெளியின் அந்த ஆய்வு நிலையத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். ஒத்துழைக்க மறுத்த மனிதர்களைப் பற்றி எத்தனையோ புகார்கள் வந்து பார்த்திருக்கிறாள். இரண்டு முறை அந்த மனிதர் அவளாகவே இருந்ததுண்டு. முள்ளைப் பற்றி வந்தது இதுதான் முதல்.

நிலையத்தின் நடுவே பெரிய கூடத்தில் ஓர் எஃகு வளையம் இருந்தது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, துளி ஹைட்ரஜனை விட்டு, காந்தங்களால் அதைச் சுவரில் படாமல் பிடித்து வைத்து, நாலு கோடி டிகிரி வரை சூடேற்றுவார்கள். சூரியனுக்குள் நடப்பது சில விநாடிகளுக்கு இங்கேயும் நடக்கும். அதற்குள் என்ன நடந்தது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் சுற்றிலும் லேசர்கள், ஆண்டெனாக்கள், கேமராக்கள். தரையின் கவச ஓடுகளுக்கு நடுவே கட்டைவிரல் அளவில், சூட்டை அளக்கும் இருபத்துநாலு உலோக முட்கள். எல்லாம் பேசும். ஆனால் ஆளுக்கொரு பேச்சு. லேசர் ஒரு கடிகாரத்தைப் பார்த்துப் பேசும், ஆண்டெனா இன்னொன்றைப் பார்த்துப் பேசும். ஜன்னலில் கரி படிந்திருந்தால் கேமரா எல்லாவற்றையும் மங்கலாகச் சொல்லும்.

இவற்றை ஒழுங்குபடுத்துவதுதான் மிரேயின் வேலை. கடிகாரங்களை ஒன்றாக்கி, கரியைக் கழித்து, ஒவ்வோர் அளவையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பக்கத்தில் குறித்து, பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்புவாள். அங்கே ஒரு பெரிய கணினியில் பிளாஸ்மா, அதாவது அப்படிச் சூடேறிய வாயு, எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நிஜத்தைப் போலச் செய்து பார்க்கும் பாவனைக் கணக்கு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அர்மோனி. இணக்கம் என்று பொருள். அதைப் பதினோரு வருடமாக வளர்த்தவர் கஸ்பார் லெனுவார். சொந்த மகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் அவ்வளவு குழையாது.

முன்பெல்லாம் அளவும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் லெனுவாரின் ஆட்கள் காப்பிக் கோப்பையோடு இந்தப் பக்கம் வருவார்கள். கத்துவார்கள். இவர்களும் கத்துவார்கள். சாயங்காலத்துக்குள் யாருடைய தப்பு என்று தெரிந்துவிடும். நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆண்டறிக்கையில் அசிங்கமாகத் தெரிகிறது என்றார்கள். ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் அளவீட்டு இணக்கக் குழு பிறந்தது. அதில் ஏழு பேர். லெனுவாரின் பிரிவிலிருந்து மூன்று பேர், நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், செய்தித் தொடர்பிலிருந்து ஒருவர். அளக்கிறவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா.

மிரேய் புகாரை எடுத்துக்கொண்டு லோயிக்கின் பட்டறைக்குப் போனாள். முட்களைச் செய்து, பதித்து, பதினைந்து வருடமாகப் பராமரிப்பவன் லோயிக் கெர்வெல்லா. வடமேற்கே, மழைக்குப் பேர்போன பிரெத்தாஞ் பக்கத்து ஆள். இங்கே வெயில் அடித்தாலும் குறை சொல்வான், காற்று அடித்தாலும் குறை சொல்வான்.

"உன் பிள்ளை மேல புகார் வந்திருக்கு" என்றாள்.

அவன் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். "ஒத்துழைக்கலையா? நான் பண்ணினதுலயே ஒழுங்கானது அது."

"கணக்கு அங்க ரெண்டு லட்சம் டிகிரிங்குது. இது ஆறு லட்சம்னு சொல்லுது."

"தெரியும். நானும் ஒரு மாசமாப் பாத்துட்டிருக்கேன்."

இருவரும் அன்று முழுக்க முள்ளைச் சோதித்தார்கள். கம்பியைச் சோதித்தார்கள், மின்னழுத்தத்தைச் சோதித்தார்கள், பழைய பதிவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பதினாறாம் முள்ளும் பதினெட்டாம் முள்ளும்கூடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆரம்பித்திருந்தன. தரைக்கு மேல் இருக்கும் வாயு புகையைவிட மெலிந்தது, அதனால் இரண்டு லட்சம் டிகிரியை ஓடுகள் தாங்கும். ஆறு லட்சத்தை அதிக நேரம் தாங்காது.

"ஒரு ஓடு தூக்கிட்டு நிக்குது" என்றான் லோயிக். "ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அதோட விளிம்புல எல்லாச் சூடும் வந்து அடிக்குது. அந்த மூலை கேமராவுக்குத் தெரியாது. இந்த முள்ளுக்கு மட்டும்தான் தெரியும்."

"பத்து விநாடி ஓட்டத்துக்குப் பரவாயில்லையா?"

"பத்து விநாடிக்குப் பரவாயில்ல. அடுத்த மாசம் ஆறு நிமிஷம் ஓட்டப் போறாங்க. அந்த ஓட்டுக்குக் கீழ தண்ணிக் குழாய் போகுது, மிரேய்."

அவள் அன்றே ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். மறுநாள் கடிதம் திரும்பி வந்தது. கடிதங்களைக் குழு படிப்பதில்லை, படிவங்களைத்தான் படிக்கும். இணைப்பில் 'அளவியின் நடத்தை விளக்கப் படிவம்', பதினோரு பக்கம்.

மேற்படி அளவி இதற்கு முன் விலகிய வரலாறு உண்டா? விலகலுக்கு அது கூறும் காரணம் என்ன? அருகிலுள்ள அளவிகள் மீது அதன் தாக்கம் எத்தகையது? கடைசிக் கேள்வி: திருந்துவதற்கு எவ்வளவு கால அவகாசம் தேவை?

"சூடு குறையுற வரைக்கும்னு எழுது" என்றான் லோயிக். அவள் அப்படியே எழுதினாள். பிளாந்தின் அதை வாங்கிப் பார்த்து, அந்தக் கட்டத்தில் எண் மட்டுமே போடலாம் என்றாள். மிரேய் முப்பது என்று போட்டாள். முப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

விசாரணை வெள்ளிக்கிழமைக்கு வைக்கப்பட்டது. முள்ளும் நேரில் வரவேண்டும் என்று அழைப்பில் இருந்தது. அது வெற்றிடத்துக்குள், தரையில் திருகி வைக்கப்பட்டிருக்கிறது என்று மிரேய் தொலைபேசியில் சொன்னதும், அதே அச்சில் செய்த உதிரி முள்ளைக் கொண்டுவரச் சலுகை கிடைத்தது. லோயிக் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கூட்ட மேசையின் நடுவில், ஒரு காகிதக் கைக்குட்டை மேல் வைத்தான்.

குழுத் தலைவர் அமெதே பொன்சார் அதைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். பிறகு நிமிர்ந்தார். "ஆரம்பிக்கலாம். நான் இயற்பியல் படிச்சவன் இல்ல, மதாம் ரூஸ்தான். அதனாலதான் என்னைத் தலைவரா போட்டாங்க. நடுநிலை வேணுமில்லையா. முசியே லெனுவார், உங்க பக்கத்தைச் சொல்லுங்க."

லெனுவார் எழுந்து நின்றார். "அர்மோனி அந்த இடத்துக்கு ரெண்டு லட்சம் டிகிரின்னு சொல்லுது. பதினோரு வருஷமா அதைத்தான் சொல்லுது. ஒரு நாள் மாத்திப் பேசினது கிடையாது. இந்த முள்ளைப் பாருங்க. திங்கட்கிழமை அஞ்சு லட்சங்குது. புதன்கிழமை ஆறு லட்சங்குது. யாரை நம்பறது?"

"திங்கட்கிழமை கம்மியாச் சூடேத்தினோம். புதன்கிழமை அதிகமா ஏத்தினோம்" என்றான் லோயிக்.

"பாத்தீங்களா" என்றார் லெனுவார், குழுவைப் பார்த்து. "வெளித் தாக்கத்துக்கு ஆளாகுதுன்னு அவரே ஒத்துக்கறார்."

பிளாந்தின் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

மிரேய் கையை உயர்த்தினாள். "முசியே, கணக்கு சரியா தப்பான்னு பாக்கத்தானே நாங்க அளக்கறோம்?"

பொன்சார் புன்னகைத்தார். கோபமே இல்லாத மனிதர் அவர். "அது கொஞ்சம் பழைய பார்வை, மதாம். நான் எளிமையாச் சொல்றேன். ஒரு வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் தெளிவா, அமைதியா, முன்கூட்டியே சொல்லிடறார். இன்னொருத்தர் எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் வந்து வேற மாதிரி பேசறார். யார் பேச்சை வச்சு வீட்டை நடத்தறது? நாங்க இயற்கைக்கு விரோதி இல்ல. இயற்கையும் எங்க பங்காளிகள்ல ஒண்ணுதான், அதை எங்க தொலைநோக்குப் பத்திரத்துல மூணாம் பக்கத்துல போட்டிருக்கோம். ஆனா அதுவும் நடைமுறைக்குக் கட்டுப்படணும். அதுக்கு ஏதாவது சொல்லணும்னா கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி எழுத்துல தரலாமே. யார் தடுத்தா?"

செய்தித் தொடர்புக்காரர் குறுக்கிட்டார். "ஆறு லட்சம்னு வெளிய தெரிஞ்சா, அங்க ரொம்பச் சூடா இருக்குன்னு ஜனங்க நினைச்சுப்பாங்க."

"ரொம்பச் சூடாத்தான் இருக்கு" என்றாள் மிரேய்.

"அதைத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

"தலைவரே" என்றான் லோயிக். "அங்க கீழ தண்ணி போகுது. ஓடு உருகினா தண்ணி உள்ள வந்துடும். ஒரு நாள் வளையத்தைத் திறந்து உள்ள போய்ப் பாக்க விடுங்க. போதும்."

"வளையத்தைத் திறக்க ஏற்கப்பட்ட அளவு ஒண்ணு காரணமா இருக்கணும்" என்றார் சட்டப் பிரிவுக்காரர். "ஏற்கப்படாத அளவை வச்சுத் திறந்தா, அதை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு லட்சம் டிகிரிக்கு ஐந்து வாக்குகள். சட்டப் பிரிவுக்காரர் கலந்துகொள்ளவில்லை. நிர்வாகத்திலிருந்து வந்திருந்த வயதான ஒருவர் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு வாக்களித்தார். யாருக்கும் மனம் நோகக் கூடாது என்பது அவர் சுபாவம். அவரைக் கௌரவிக்கும் விதமாக வெப்பநிலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று நிர்ணயிக்கப்பட்டது. வெளியே வரும்போது லெனுவார் லோயிக்கின் தோளைத் தட்டினார். "பத்தாயிரம் கிடைச்சிருக்கு. மனசு விட்டுடாதீங்க."

அடுத்த வாரம் புதுச் சுற்றறிக்கை வந்தது. அளவுகளைப் பரிசீலிக்கக் குழுவுக்கு ஒரு வேலை நாள் தேவைப்படுவதால், இனிமேல் ஒவ்வோர் ஓட்டத்தின் அளவுகளும் அதற்கு முந்தைய நாள் மதியம் மூன்று மணிக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். ஏற்கப்பட்ட அளவுகள் இல்லாத ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது.

மிரேய் அதை எடுத்துக்கொண்டு பிளாந்தினிடம் போனாள்.

"முந்தின நாள்னு போட்டிருக்கே. அடுத்த நாள்னு இருக்கணும். எழுத்துப் பிழையா?"

"இல்ல மதாம், மூணு பேர் சரிபாத்தாங்க."

"நாளைக்கு ஓடப்போற ஓட்டத்தை இன்னைக்கு எப்படி அளக்கறது?"

பிளாந்தின் நல்ல பெண். அவள் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ஜெர்மன்காரங்களோட லேசர் குழு எப்பவோ ஆரம்பிச்சுட்டாங்க. அர்மோனியைக் கேட்டா நாளைக்கு வரப்போறதை இன்னைக்கே தரும். அதை எடுத்து, எண்ணை லேசா ஏத்தி இறக்கி, கொஞ்சம் நடுக்கம் சேத்துக் கொடுத்துடறாங்க. நேரா இருந்தா அளவு மாதிரி தெரியாதில்ல."

மிரேய் செய்யவில்லை. புதன்கிழமை வளையம் ஓடவில்லை. வியாழக்கிழமையும் ஓடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். போலந்திலிருந்து மூன்று வார அனுமதியில் வந்திருந்த ஓர் ஆய்வு மாணவி கழிப்பறையில் அழுதுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். உணவுக்கூடத்தில் பூண்டுச் சாந்தும் மீனும் வாங்கிக்கொண்டு மிரேய் உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். காந்தப் பிரிவுக்காரர் ஒருவர் நின்று சொன்னார்: "மதாம், உங்க கொள்கை ரொம்ப உயர்ந்தது. எங்களுக்கு வேலை இருக்கு."

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவள் அர்மோனியைத் திறந்தாள். இருபத்துநாலு முட்களின் எண்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மூன்று நடுக்கம் சேர்த்தாள். எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கட்டத்தில் கை சற்று நின்றது. பிறகு வழக்கமாகப் போடுவதையே போட்டாள். ஓட்டம் முடிந்தபின் நிஜ அளவுகளையும் தனியாக அனுப்பிவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை ஒழுங்காகச் செய்யவும் செய்தாள். 'மாறுபடும் அளவுகள்' என்ற பெட்டிக்கு அவை போயின. அந்தப் பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறப்பார்கள்.

நாற்பது நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. முதல் வகுப்பு. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான அளவுகளை அவள் தந்ததில்லை என்று பொன்சார் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். மாதக் கடைசியில் அவள் படம் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டது. கணக்கும் அளவும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஒத்துப்போகின்றன என்று லெனுவார் ஒரு கட்டுரை எழுதினார். மீதி மூன்று மிரேய் சேர்த்த நடுக்கம். அதைக் குறைப்பதற்கான வழிகள் பற்றிக் கட்டுரையின் கடைசிப் பத்தி பேசியது.

லோயிக்கிடம் அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஆறு நிமிட ஓட்டத்துக்கு நிறைய விருந்தினர்கள் வந்தார்கள். கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலிகள் போட்டு, ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். நடுத் திரையில் இருபத்துநாலு முட்களுக்கும் இருபத்துநாலு பச்சைப் புள்ளிகள். குழப்பம் வரக் கூடாது என்று, ஏற்கப்பட்ட அளவுகளை மட்டுமே அந்தத் திரை காட்டும்படி மாற்றியிருந்தார்கள். லோயிக் மூலையில் தன் பழைய மடிக்கணினியோடு நின்றான். பதினேழாம் முள்ளிலிருந்து ஒரு தனிக் கம்பியை இழுத்து அதில் சொருகியிருந்தான். இது விதிமீறல். பார்த்தவர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

முதல் நிமிடம் ஆறு லட்சம். இரண்டாம் நிமிடம் ஏழு. மூன்றாம் நிமிடத்தில் அது ஒன்பதைத் தாண்டியபோது லோயிக் ஓட்டத் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றான். நிறுத்தும் பொத்தான் அவள் கையருகில் இருந்தது.

"நிறுத்திடு. ஓடு போயிட்டிருக்கு."

"லோயிக், எனக்குப் பச்சை காட்டுது."

"அதைப் பாக்காத. இதைப் பாரு."

"பச்சையில நிறுத்தினா நான் பதில் சொல்லணும். அங்க பாரு எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு." அவள் திரும்பி, இரண்டு நாற்காலி தள்ளி இருந்த மிரேயைப் பார்த்தாள். ஓட்டத் தலைவியின் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. தெரிந்துகொள்ள விரும்பினாள். "மதாம், இந்த அளவு நீங்க தந்ததுதானே? சரியானதுதானே?"

கண்ணாடிக்குப் பின்னால் பொன்சார் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். மிரேய் வாயைத் திறந்தாள். அவளுக்கே கேட்டது தன் குரல்: "குழு ஏத்துக்கிட்ட அளவு."

ஓட்டத் தலைவி தலையசைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள்.

மிரேய் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேட்டதற்கு அது பதிலும் இல்லை என்பது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்தது. எழுந்தாள். "இல்ல, நிறுத்துங்க" என்று சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். அதற்குள் கூடத்திலிருந்து ஓர் ஓசை வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. தூரத்தில் யாரோ கனமான கதவை மூடியதுபோல. கேமராக்கள் எல்லாம் வெள்ளையாகி, பிறகு கறுப்பாகின. தண்ணீர்க் குழாயின் அழுத்தம் சரிந்தது. லோயிக்கின் மடிக்கணினியில் பதினேழாம் முள்ளின் கோடு அறுந்து நின்றது. நடுத் திரையில் இருபத்துநாலு புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன. விருந்தினர்களில் சிலர் கை தட்டினார்கள்.

வளையத்துக்குள் எழுநூறு லிட்டர் தண்ணீர் புகுந்திருந்தது. உருகிய உலோகம் தரையில் வழிந்து இறுகியிருந்தது. மறுபடி ஓட்ட இரண்டு வருடமாவது ஆகும் என்றார்கள். பாதுகாப்பு உடையில் உள்ளே போன லோயிக், ஓடு இருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை என்று சொன்னான். முள் இருந்த சுவடே இல்லை.

விசாரணை நடத்தும் பொறுப்பு இணக்கக் குழுவிடமே தரப்பட்டது. அளவுகளைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர்கள் நிலையத்தில் இல்லை என்பது காரணம்.

மிரேய் தன் முறை வந்ததும் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். ஆறு வாரமாகத் தான் தந்தவை எதுவும் அளவுகள் இல்லை. கணக்கிலிருந்து எடுத்து நடுக்கம் சேர்த்துத் தந்தவை. நிஜ அளவு 'மாறுபடும் அளவுகள்' பெட்டியில் கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டும். தன்னை வேலையிலிருந்து நீக்க வேண்டும். படித்து முடித்தபோது மனம் லேசாகியிருந்தது.

பொன்சார் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மதாம், உங்க அடக்கம் எங்க எல்லாரையும் நெகிழ வைக்குது. ஆனா இதை எப்படிப் பதிவு பண்றதுன்னு தெரியல. உங்க அளவுகள் முதல் வகுப்புன்னு நாங்க எழுதியிருக்கோம். அது தப்புன்னா நாங்க தப்பு. நாங்க தப்பா இருந்தா, இப்ப உங்க வாக்குமூலத்தை ஏத்துக்கற தகுதி எங்களுக்கு எப்படி வரும்? யோசிச்சுப் பாருங்க. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

சட்டப் பிரிவுக்காரர் மெச்சுதலோடு தலையசைத்தார்.

அறிக்கை எட்டு வாரத்தில் வெளியானது. விபத்து நடந்த கணம்வரை ஏற்கப்பட்ட அளவுகள் அனைத்தும் கணக்கோடு முழுமையாக ஒத்துப்போயிருந்தன. விபத்துக்குப் பிறகும் ஒத்துப்போயின. ஆகவே அளவீட்டு முறையில் குறையேதும் இல்லை. விலகிய நடத்தை என்று ஆவணங்களில் இருந்தது ஒரே ஓர் அளவி. சேதம் தொடங்கியதும் அதே இடத்தில். இதைத் தற்செயல் என்று கருத முடியாது. அனுமதியில்லாத தனிக் கம்பி ஒன்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்ததும் கவனத்துக்குரியது.

லோயிக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டான். அவன் அங்கே போகவில்லை. ஊருக்கே திரும்புவதாக எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவன் கிளம்பும் நாளன்று மிரேய் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். மிஸ்த்ரால் என்ற வடகாற்று கண்ணைத் திறக்க விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் பட்டறைச் சாமான்களைக் காரின் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் எல்லாத்தையும் சொன்னேன், லோயிக். எழுதியே கொடுத்தேன்."

"கேள்விப்பட்டேன்."

"அவங்க கேக்கல."

"அவங்க கேக்க மாட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. பொன்சாருக்குப் பிளாஸ்மான்னா என்னன்னு தெரியாது. லெனுவாருக்கு அவன் கணக்குதான் பிளாஸ்மா." பின்கதவை அழுத்தி மூடினான். "உனக்குத் தெரியும், மிரேய். அந்தப் பொண்ணு உன்னைத்தான் கேட்டா."

அவன் கை கொடுத்தான். முறைப்படி கொடுத்தான். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை பிளாந்தின் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மதாம், நாளைக்கான அளவுகள் இன்னும் வரல."

"நாளைக்கு ஓட்டம் கிடையாதே. வளையம் உடைஞ்சு கிடக்கு."

"அது பராமரிப்புப் பிரிவு விஷயம். எங்க அட்டவணையில அளவுகள் தினமும் வரணும்னுதான் இருக்கு. அர்மோனி ஓடிட்டுத்தான் இருக்கு, மதாம். போன வாரம்கூட ஆறு நிமிஷம் நல்லபடியா முடிச்சிருக்கு. முசியே லெனுவார் ரொம்பச் சந்தோஷமா இருக்கார்."

மிரேய் தொலைபேசியை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். லோயிக் விட்டுச் சென்ற அலமாரியில் ஒரு கண்ணாடி வெப்பமானி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெரிய கூடத்துக்கு நடந்தாள். வளையத்தின் பக்கக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மண்டியிட்டுத் தவழ்ந்து, உருகிய ஓட்டின் பக்கத்தில் வெப்பமானியை வைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்தாள். துரு வாடையும் ஈர வாடையும் அடித்தன. வெளியே யாரோ ஏணியை இழுத்துப் போனார்கள். பாதரசம் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள், சந்தேகத்துக்கு இன்னொரு முறை பார்த்தாள். அலுவலகம் திரும்பி, பதினேழாம் முள்ளின் கட்டத்தில் பத்தொன்பது டிகிரி என்று எழுதினாள். எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கட்டத்தில், அரை டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் அது திரும்பி வந்தது. விலகல் மிக அதிகம். இணைப்பில் பதினோரு பக்கப் படிவம். அவள் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் 'வளையம் உடைந்திருக்கிறது' என்று எழுதினாள். ஏற்கப்பட்ட காரணங்களின் பட்டியலில் அது இல்லை என்று அந்தப் படிவமும் திரும்பி வந்தது. அவள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

இப்படி நாலு மாதம் நடந்தது. வரவேற்பறையிலிருந்து அவள் படத்தை எடுத்துவிட்டார்கள். குரோ சமவெளியில் குளிர் இறங்கிய வாரத்தில் வெப்பமானி காட்டியது பதினேழு டிகிரி ஆனது. பிறகு பதினைந்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிப் படிவம் வந்தது, தனியாக நிரப்பினாள். அந்த ஆண்டின் அறிக்கை அச்சாகி வந்தபோது, அதில் அளவுக்கும் கணக்குக்கும் இடையிலான இணக்கம் நூற்றுக்கு நூறு என்றும், ஏற்கப்படாத அளவுகள் சேர்க்கப்படவில்லை என்றும் இருந்தது.

டிசம்பரில் ஒரு காலை, நூற்றுப் பதினெட்டாவது படிவத்தோடு பிளாந்தின் நேரிலேயே வந்தாள். மேசையில் வைத்துவிட்டு வழக்கம்போல் உடனே போகவில்லை. மிரேயின் முழங்காலில் ஒட்டியிருந்த துருக்கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோச்சுக்காதீங்க மதாம். ஏன் தினமும் இதையே அனுப்பறீங்க?"

மிரேய் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

"தினமும் அதுதானே இருக்கு" என்றாள்.